சூசையும் தூசியும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று மேனேஜர் கேட்டார். நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாதவள் நான் என்பது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்டிருக்கிறார். அதனால் என் மேல் குறை சொல்லாமல் பொறுமையாகப் படியுங்கள்.

உங்களுக்கு வருகிற போன்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "சார், எங்க பேக்டரியில ரொம்ப தூசி. தூசி புடிக்கிற மெஷின் நல்லதா ஒண்ணு அனுப்புங்க." உடனே நீங்கள் விலைப்பட்டியலை எடுத்து விடுகிறீர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். ரொம்ப தூசி என்றால் என்ன தூசி? கல்லா, மாவா, மரமா, பஞ்சா? மனுஷனிடம் ஜாதி கேட்கிறவனை நான் என் வீட்டுப் படியேற விடமாட்டேன். தூசியிடம் ஜாதி கேட்காதவனை இந்தத் தொழிலின் படியேற விடக் கூடாது. கல் தூசிக்குச் சரியானது கடலைத் தூசிக்கு எமன். மாவுத் தூசியைப் பிடிக்கத் தைத்த பை தவிட்டுக்கு ஆகாது.

இந்தப் புத்தி எனக்குப் படித்து வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயரால் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அறுபதுகளில் செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் ஒரு கடலை மில் இருந்தது. சிங்கவரத்திலிருந்தும் தொண்டூர்ப் பக்கத்திலிருந்தும் நிலக்கடலை மூட்டைகள் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். தோலோடு வருகிற கடலையை மெஷினில் கொட்டி உடைத்து, பருப்பைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் பிரிப்பார்கள். அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவர் என் வீட்டுக்காரர். நான் அதே மில்லின் வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கிழிந்த கோணிகளைத் தைத்துக்கொண்டிருப்பேன். கல்யாணத்துக்கு முன்பு மடத்து சிஸ்டர்களிடம் தையல் கற்றவள் நான். கவுன் தைக்கக் கற்றுக்கொண்டு கோணி தைக்க வந்தேன் என்று அவர் கேலி செய்வார்.

மில் முதலாளி ஜைனர். எங்கள் பக்கத்தில் அவர்களை நைனார் என்றுதான் கூப்பிடுவோம். பொழுது சாய்வதற்கு முன்பு சாப்பிட்டு விடுவார். தண்ணீரை இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டாமல் குடிக்க மாட்டார். வடிகட்டிய துணியை அதே கிணற்றுத் தண்ணீரில் அலசி, அதில் ஒட்டியிருக்கும் சிறு உயிர்களைக் கிணற்றிலேயே திரும்ப விட்டுவிடுவார். ஒரு எறும்பை மிதித்துவிட்டால் முகம் வாடிவிடும். அப்படிப்பட்டவருடைய மில்லுக்குள் மனிதர்கள் மூச்சு விட முடியாமல் இருமிக்கொண்டிருந்தது அவருக்கு எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும், பாருங்கள்.

மெஷின் ஓட ஆரம்பித்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. வாசலுக்கு நேராக ராஜகிரி மலை நிற்கும். காலையில் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தால் உச்சி வரைக்கும் தெரிகிற மலை, மெஷின் ஓடிக் கொஞ்ச நேரத்தில் காணாமல் போய்விடும். மத்தியானத்துக்குள் உள்ளே வேலை செய்கிற அத்தனை பேரும் ஒரே செம்மண் நிறமாகிவிடுவார்கள். யார் எவர் என்று நடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் பெயர் சூசை. அந்தக் காலத்தில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக் கூடாது. சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று எங்கள் மாமியார் சொல்லி வைத்திருந்தார். இதில் எனக்கு வந்த கஷ்டம் வேறு யாருக்கும் வந்திருக்காது. கோவிலில் எல்லாரும் இயேசுவை வளர்த்த சூசையப்பரை வேண்டும்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்று, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பதில் மட்டும் சேர்ந்துகொள்வேன். பயம் வந்தால் எங்கள் ஜனங்கள் "இயேசு மரி சூசை" என்று கூவுவார்கள். நான் "இயேசு மரி" என்றதோடு நின்றுவிடுவேன். மூன்றாவது ஆளைப் பாதி வழியில் விட்டுவிட்டு வருகிறாயே என்று சாமியாரே ஒரு நாள் சிரித்தார்.

மில்லில் அதைவிடப் பெரிய தொல்லை. மெஷின் சத்தத்தில் சூசை என்றாலும் தூசி என்றாலும் காதில் ஒன்றுபோலத்தான் விழும். வந்த புதிதில் ஒரு நாள் "இன்னா தூசி, இன்னா தூசி" என்று நான் அலுத்துக்கொண்டேன். மோட்டார் பார்த்துக்கொள்ளும் கோவிந்தன் வேண்டுமென்றே திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்து, "யோவ், உன் பொண்டாட்டி பேரு சொல்லிக் கூப்புடறாங்க, போய்யா" என்றார். மில்லே சிரித்தது. எனக்கு உயிர் போய்விட்டது. அன்றோடு தூசி என்கிற வார்த்தையையே என் வாயிலிருந்து எடுத்துவிட்டேன்.

வார்த்தையை விட்டுவிடலாம், பொருளை விட முடியுமா? நாள் முழுக்க அதற்குள்தானே உட்கார்ந்திருக்கிறேன். அதனால் எது பறக்கிறதோ அதன் பெயரையே சொல்லப் பழகினேன். மூட்டையைக் கொட்டும்போது பறப்பது மண்ணு. தோல் உடையும்போது பறந்து கழுத்தில் ஒட்டி அரிப்பது சொணை. பருப்பு உரசும்போது வருகிற சிவப்புப் பொடி தோலு. "இன்னிக்கு மண்ணு ஜாஸ்தி", "தொண்டூர் மூட்டையில சொணை ரொம்ப" என்று பேசுவேன். மற்றவர்களுக்கு எல்லாமே தூசி. வெட்கப்பட்டதால் எனக்கு மட்டும் மூன்றாகிவிட்டது.

இந்த வேடிக்கைக்கு நடுவில் அவருக்கு இழுப்பு வந்தது. முதலில் இருமல், பிறகு படிக்கட்டு ஏறினால் இளைப்பு, பிறகு படுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். திண்டிவனத்துக்கு பஸ் ஏறிப் போய் டாக்டரிடம் காட்டினோம். அவர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இந்த வேலைய விட்டுடுப்பா. இல்லன்னா மூச்சு உன்ன விட்டுடும்" என்றார். நைனாருக்கு விஷயம் தெரிந்ததும் தாமே கூப்பிட்டுச் சொன்னார்.

"கேட்டாண்ட வந்து உக்காந்துக்கோ சூசை. வர்ற மூட்டைய எண்ணி உள்ள விடு. சம்பளத்துல ஒரு பைசா குறைக்க மாட்டேன்."

இவர் தலையை ஆட்டிவிட்டு வந்து மறுநாளும் மெஷினண்டையே நின்றார். நான் சண்டை போட்டேன்.

"உங்களுக்கு இன்னா வந்துச்சு? உக்காந்து சாப்புடச் சொன்னா கசக்குதா?"

"கேட்டாண்ட உக்காந்தா நான் யாரும்மே? வாச்மேன். மெஷினாண்ட நின்னாத்தான் மெஷின்காரன். நான் போயிட்டா என் எடத்துல இன்னொருத்தன் நின்னு இழுப்பு வாங்கிக்குவான். அவன் பொண்டாட்டியும் உன்ன மாதிரி அழுவா."

இப்படிப் பேசுகிற மனிதரை என்ன செய்வது? கோபமும் வந்தது, கூடவே அவர் மேல் ஆசையும் வந்தது. அவரை மெஷினிடமிருந்து பிரிக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குப் புரிந்துவிட்டது. பறக்கிறதை மெஷினிடமிருந்து பிரிக்க வேண்டும். அது ஒன்றுதான் வழி.

நைனார் சும்மா இருக்கவில்லை. ரோட்டோரம் ஒரு கல் கிரஷரில் தண்ணீர் தெளித்து உடைக்கிறார்கள், புகை மாதிரி பறந்ததெல்லாம் அடங்கிவிட்டது என்று யாரோ சொல்ல, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடலையில் தண்ணீர் படக் கூடாது. அதனால் மெஷினுக்கு மேலே தகரத்தில் ஒரு கூண்டு வைத்து, அங்கிருந்து காற்றை விசிறியால் இழுத்து, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் விட ஏற்பாடு செய்தார். முதல் வாரம் எங்களுக்குத் திருவிழாதான். மண் தண்ணீரில் விழுந்து அடியில் தங்கியது. இவரும் கொஞ்சம் மூச்சு விட்டார்.

கல்லுக்கும் கடலைக்கும் வித்தியாசம் அப்புறம்தான் தெரிந்தது. கல் தூசி தண்ணீரில் விழுந்தால் சேறாகும், அவ்வளவுதான், அள்ளிக் கொட்டிவிடலாம். கடலைச் சொணையும் தோலும் மிதக்கும், ஊறும், அழுகும். தொட்டி நாற ஆரம்பித்தது. ஒரு நாள் நைனார் எட்டிப் பார்த்தார். மேலே மிதந்த சகதி முழுக்கப் புழு. வெள்ளை வெள்ளையாக நெளிகிறது. தொட்டியைக் கழுவிக் கொட்ட வேண்டும், கொட்டினால் அத்தனையும் சாகும். அந்த மனிதர் தொட்டி ஓரத்திலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"இவனுக்கு மூச்சு குடுக்கறேன்னு இத்தனை உயிர வரவழைச்சுட்டேனே. இப்ப நானே கொல்லணுமா?"

வேறு எந்த முதலாளியும் நாற்றத்துக்காக நிறுத்தியிருப்பார். இவர் புழுவுக்காக நிறுத்தினார். சகதியை ஒரு ஈரமான பள்ளத்தில் கொண்டுபோய் விடச் சொன்னார். தொட்டியை நன்றாகக் காயவைத்துக் கழுவி, வண்டி மாடுகள் தண்ணீர் குடிக்க வாசலில் வைத்துவிட்டார். மெஷினைச் சுற்றிப் பழையபடி பறக்க ஆரம்பித்தது. வீட்டில் பழையபடி விசில் கேட்டது. அது அந்த வருஷத்து அறுவடையின் தொடக்கம். டாக்டர் சொன்னது என் காதிலேயே நின்றது. இந்தப் பருவம் முடிகிற வரை இவர் தாங்குவாரா என்று ராத்திரி அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

விசிறி விற்ற மெட்ராஸ் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். சின்ன வயசு, இஞ்சினியர், சட்டையில் ஒரு மடிப்புக் கூடக் கலையாமல் வந்து இறங்கினார். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்விக்காக இன்றைக்கும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

"என்ன தூசிங்க இது?"

"தூசிதான் சார்" என்றார் கோவிந்தன். "தூசியில இன்னா சார் இருக்குது? தூசி தூசிதான்."

தம்பி விடவில்லை. ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். நான் ஊசியைக் கோணியில் குத்தி வைத்துவிட்டு, "மண்ணு பாதி சார். அது கனம், சீக்கிரம் விழுந்துடும். சொணை ரொம்ப லேசு, விழவே விழாது, பறந்துக்கினே இருக்கும். தோலுப் பொடி அதுக்கும் மேல, கையில தேச்சா எண்ணெ பிசுக்கு இருக்குது" என்றேன். அவர் கண்ணெல்லாம் சிரித்தது.

"அம்மா, இதைத்தான் கேட்டேன். ஊர் ஊரா கேட்டுக்கிட்டு இருக்கேன். யாருமே பிரிச்சுச் சொல்றதில்ல. உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?"

என்ன காரணம் சொல்வது? மெஷினண்டை நின்றிருந்த என் வீட்டுக்காரர் குனிந்து பெல்ட்டைப் பார்க்கிற மாதிரி சிரிப்பை மறைத்தார். நான் கோணியை எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் இதற்கு ஆகாது, துணிப் பைதான் சரி என்று தம்பி சொன்னார். காற்று பைக்குள் போய்த் துணி வழியாக வெளியே வரும், பறக்கிறது உள்ளேயே நிற்கும். ஆனால் பை மெட்ராஸில் தைத்து வர வேண்டும். அதற்குள் பருவமே முடிந்துவிடும். எல்லாரும் யோசித்துக்கொண்டு நிற்கும்போது நைனார் என் பக்கம் திரும்பி, "லூர்தும்மா, நீ தைப்பியா?" என்றார்.

தைத்தேன். முதலில் மெல்லிய மல் துணியில் தைத்தேன். மண் நின்றது, சொணை ஊடுருவி வெளியே வந்து எங்களைப் பார்த்துச் சிரித்தது. பிறகு முரட்டுக் காடா துணியில் தைத்தேன். துணி பிடித்தது, தையல் ஓட்டைகள் விட்டுவிட்டன. ஊசி போன வழியெல்லாம் தூசியும் போகும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தையலை இரண்டாக மடித்து அடித்து, மேலே புளியங்கொட்டைப் பசை தடவிக் காயவைத்தேன். அது நின்றது. பைகளைத் தொங்கவிட மெஷினுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையை ஒதுக்கினார்கள். பை நிரம்பினால் எப்படி உதறுவது என்று பேச்சு வந்தது. ஓடும்போதே தட்டிவிடலாம் என்றார் கோவிந்தன். நைனார் மறுத்தார்.

"ஊத்திக்கினே துணிய அலசுவாங்களா? தண்ணி நின்ன பிறகுதான் அலசணும். இல்லன்னா வடிகட்டினதெல்லாம் திரும்பக் குடத்துலதான் விழும்."

"எங்க புத்தகத்துலயும் அதேதான் போட்டிருக்குங்க" என்றார் தம்பி. விசிறி நின்ற பிறகுதான் பையைத் தொட வேண்டும் என்பது அன்றைக்கே மில்லின் சட்டமாகிவிட்டது.

பை கட்டிய மறுநாள் காலை மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் தாழ்வாரத்தில் கையில் வேலையை வைத்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக மலை மறைகிற நேரம் வந்து போய்விட்டது. உள்ளேயிருந்து அவர் வாய் நிறையக் கூவினார்.

"ஏ லூர்து! மலை தெரியுதும்மே!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அன்றிலிருந்து அந்த மில்லில் அதுதான் கணக்கு. மெஷினண்டை நின்று மலை தெரிந்தால் பை நன்றாக இருக்கிறது. உச்சி மங்கினால் உதற வேண்டும். அடிவாரமும் மங்கினால் பை எங்கேயோ கிழிந்திருக்கிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் கோணி தைத்துக்கொண்டே காலத்தைக் கழித்திருப்பேன். முடியவில்லை.

அப்போது எங்கள் வீட்டில் தகர அடுப்பு. கடலைத் தோல் பொடியை அதற்குள் இறுக்கி அடைத்து, நடுவில் ஓட்டை விட்டுக் கீழே பற்ற வைத்தால் ஒரு வேளைச் சமையலுக்குச் சாதுவாக எரியும். ஒரு நாள் அவசரத்தில் குச்சியால் கிளறிவிட்டேன். புஸ்ஸென்று கிளம்பிய பொடி அப்படியே நெருப்பாகி முகத்துக்கு வந்தது. புருவம் இரண்டும் பொசுங்கிவிட்டன. "இன்னாம்மே, கடலைத் தோலு முத்தம் குடுத்துச்சா?" என்று அவர் புருவம் முளைக்கிற வரைக்கும் கேலி செய்தார்.

மில்லில் பை ஓடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட நைனார் வீட்டுக்குப் போயிருந்தார். மூட்டை நிறைய இருந்ததால் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கடலையில் மண்ணோடு பொடிக்கல்லும் வரும். அது மெஷின் இரும்பில் அடித்துப் பொறி பறக்கும். அதைத் தினம் பார்த்திருக்கிறோம், யாரும் பெரிதாக நினைத்ததில்லை. அன்றைக்கு ஒரு பொறி விசிறிக் காற்றோடு போய்ப் பைக்குள் விழுந்துவிட்டது. பை அறையின் கதவிடுக்கிலிருந்து மெல்லிசாகப் புகை வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். ஒரு நொடி கழித்து அவரும் பார்த்தார்.

பார்த்தவர் கதவை நோக்கி ஓடினார். எதற்கு ஓடுகிறார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையை நான் எப்படித் தைத்தேன் என்று கூடவே உட்கார்ந்து பார்த்தவர். அது எரிவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கதவைத் திறந்து பையைப் பிய்த்து வெளியே எடுத்துவிடப் போகிறார். உள்ளே விசிறி காற்றை ஊதிக்கொண்டிருக்கிறது. பை நிறையப் பொடி கனன்றுகொண்டிருக்கிறது. பையைப் பிடித்து இழுத்தால் அடுப்பில் நான் குச்சி விட்ட கதைதான். அது ஒரு சின்ன அடுப்பு. இது ஒரு அறை.

எழுந்தேன். "இன்னாங்க" என்றேன். மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவர் கை தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது. ஆயுசு குறையும் என்று மாமியார் சொன்னதெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. கூப்பிடாவிட்டால் ஆயுசே இருக்காது என்பதும் கூடவே வந்தது. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"சூசை!"

தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நின்றது. அவர் திரும்பினார். இரண்டு கையையும் ஆட்டி, தொடாதே, தொடாதே என்று காட்டிக்கொண்டே ஓடினேன். கோவிந்தனும் திரும்பினார், புகையைப் பார்த்தார், மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். விசிறி நின்றது. அந்த நிசப்தத்தில் எல்லாருடைய இருமலும் தனித்தனியாகக் கேட்டது. நான் தைக்க வைத்திருந்த கோணிகளை மாட்டுத் தொட்டியில் முக்கி எடுத்து வந்து, கதவிடுக்கையும் ஜன்னலையும் ஈரக் கோணியால் அடைத்தோம். யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்று கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நைனார் ஓடி வந்தார். "ஆளுங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா? சூசை எங்க?" என்று கேட்டுவிட்டு, இவரைக் கண்ட பிறகுதான் புகையைப் பார்த்தார். அறை நன்றாகக் குளிர்ந்த பிறகு திறந்தோம். என் பைகள் கரித்துண்டாகக் கிடந்தன. கதவு, கூரை, ஆட்கள், எல்லாம் பத்திரம்.

கோவிந்தன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "லூர்தக்கா 'தூசி!'ன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாரு, நான் உடனே தூசி ரூம திரும்பிப் பாத்தேன். இல்லன்னா அவ்ளோதான்." நைனாரும் அப்படியே நம்பினார். ஊரே அப்படித்தான் பேசிக்கொண்டது. நல்லதாகப் போயிற்று என்று நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் எதுவும் கேட்கவில்லை. அவர் காதில் விழுந்தது எது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம்.

அடுத்த வாரம் மெட்ராஸ் தம்பி ஒரு தகர டிரம்மோடு வந்தார். மேலே அகலம், கீழே குறுகல். காற்று உள்ளே நுழைந்து சுற்றிச் சுற்றி வரும்போது கனமானதெல்லாம் ஓரத்தில் மோதிக் கீழே விழுந்துவிடும். பொறி, பொடிக்கல், மண் எல்லாம் அதிலேயே நின்றுவிடும். சொணையும் பொடியும் மட்டும் பைக்குப் போகும். பெயர் சைக்ளோன் என்றார் தம்பி. "சைக்ளோன்னா புயல்தானே சார்? கடலூர்ல அடிச்சா இங்க கூரை போவுமே, அதையா உள்ள வெக்கறீங்க?" என்று கோவிந்தன் இரண்டடி தள்ளி நின்றார். அதற்குப் புயல் டப்பா என்று பெயர் வைத்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்தார்.

டப்பா முதலில், பை பிறகு. அந்த வரிசையில் மில் பல வருஷம் ஓடியது. பொறி பறந்தால் டப்பாவோடு நின்றுவிடும் என்ற நிம்மதியில் நான் புதிதாகப் பைகள் தைத்தேன். அடுத்த மழைக்காலத்தில் திண்டிவனம் டாக்டர் இவர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "எப்பப்பா வேலைய விட்ட?" என்றார். "விடலியே சார்" என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.

நாங்கள் செய்தது அக்கம்பக்கம் பரவியது. சிங்கவரம் ரோட்டில் ஒரு ரைஸ் மில்காரர் வந்து அதே மாதிரி பை வேண்டும் என்று நின்றார். தம்பியிடம் கேட்டோம். தவிடு எண்ணெய் விடும், துணி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அங்கே டப்பாவே போதும் என்றார். ரைஸ் மில்காரருக்குக் கோபம். "கடலைக்கு மட்டும் துணி கட்டறீங்க, நெல்லுன்னா இளக்காரமா?" என்று பிடிவாதமாகப் பை வாங்கிக்கொண்டு போனார். சில நாளில் பை வறட்டி மாதிரி விறைத்துப்போய்த் திரும்பி வந்தது. மாப்பிள்ளைச் சட்டை நன்றாக இருக்கிறது என்று மாமனார் போட்டுக்கொள்ள முடியுமா? வாடிக்கையாளர் ஆசைப்படுகிறார் என்பதற்காகக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்தத் தம்பிதான் பிற்காலத்தில் எங்கள் இருவரையும் அம்பத்தூரில் நம் கம்பெனிக்கு அழைத்து வந்தார். பை தைக்கிற பிரிவில் எனக்கு வேலை கொடுத்தார், இவருக்கு டிரம் பிரிவில். என் முன்னால் எத்தனையோ தூசி வந்து போயிருக்கிறது. சிமெண்ட், மஞ்சள், மரத்தூள், ரப்பர். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பேன். கனமா, லேசா, பிசுக்கா, கீறுமா, பற்றுமா? தண்ணீரில் போட்டால் என்ன ஆகும், ஒரு வாரம் கழித்து என்ன ஆகும்? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு விலைப்பட்டியலை எடுங்கள். புகை கண்டால் கதவைத் திறக்காதீர்கள். விசிறியை நிறுத்துங்கள். எரிகிற பையைக் காப்பாற்ற எவனாவது ஓடினால், அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்துங்கள். பை எத்தனை வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம்.

போன மாதம் எனக்குப் பிரிவு உபசாரம் செய்தீர்கள். மாலையும் கையுமாக வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது மூச்சு நன்றாக இருக்கிறது. மெஷின் சத்தத்திலேயே நின்று காதுதான் மந்தமாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்றால் தோளைத் தொட வேண்டும். மாலையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"அன்னிக்கு மில்லுல என் பேரு சொல்லிக் கூப்ட்டியே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் கத்துனது ரூமு பேருன்னுதானே எல்லாரும் சொன்னாங்க?" என்று உரக்கக் கேட்டேன்.

"எல்லாருக்கும் இன்னா தெரியும்? நீ மண்ணும்ப, சொணைம்ப, தோலும்ப. கோவிந்தன் கேலி பண்ண நாளுக்கப்புறம் தூசின்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்லியே. அப்ப அது என் பேருதான். அதனாலதான் நின்னேன். வேற இன்னா கூப்ட்டிருந்தாலும் கதவத் திறந்திருப்பேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருஷமா இன்னொரு வாட்டி கூப்புடுவன்னு பாத்துக்கினே இருக்கேன். காது சுத்தமா போறதுக்குள்ள ஒரு வாட்டி கூப்புடேன்."

வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். கதவைச் சாத்தினேன். அவர் காதோரம் குனிந்து, "சூசை" என்றேன்.

அவர் காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணீராக, அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மே, தூசியா? எங்க இருக்குது?"